பதினேழாவது விளக்கு

என் கணவர் அந்தச் சமையலறையில் மேசை விளக்கு எதையும் வைக்கவில்லை. வேறு எதையும் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடங்களுக்கு முன்பு வந்த ஓர் அனிமேஷன் படத்தைப் புதுப்பித்து இந்த வருடம் மறுபடி வெளியிட்டார்கள். அதில் ஒன்பது வயதுச் சிறுமி தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வரும் காட்சியில், காலியாகக் கிடக்கும் நாற்காலியின் பக்கத்தில் மஞ்சள் மூடி போட்ட விளக்கு ஒன்று எரிகிறது. படம் பார்த்த தெரிந்தவர்கள் சிலர் என்னிடம், "உங்க வீட்டுக்காரர் வச்ச லைட்டாமே, நல்லா இருந்தது" என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவர் வேலைக்கு லைட்டிங் என்று பெயர். கம்ப்யூட்டரில் செய்யும் படத்தில் வீடு, மேசை, டம்ளர், டம்ளரைப் பிடிக்கும் விரல் எல்லாவற்றையும் யார் யாரோ செய்து தருவார்கள். ஆனால் அந்த உலகத்துக்குச் சூரியன் கிடையாது. ஒருவர் உட்கார்ந்து விளக்கு விளக்காக வைக்கும்வரை கும்மிருட்டுதான். வைத்து முடித்ததும் ரெண்டருக்கு அனுப்ப வேண்டும். எந்த விளக்கின் வெளிச்சம் எதன்மேல் எவ்வளவு விழுகிறது என்று இயந்திரம் புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டு ஒவ்வொரு ஃபிரேமாக வரைந்து தரும். ஒரு நொடிக்கு இருபத்துநான்கு ஃபிரேம். அந்தக் கணக்குக்கென்றே ஒரு குளிர்ந்த அறையில் நாற்பது இயந்திரங்கள் வரிசையாக நின்று இரைந்துகொண்டிருக்கும். அந்த அறையை ஃபார்ம் என்பார்கள். "மாட்டுப் பண்ணையேதான். தீனி போட்டுட்டுக் காத்துக் கிடக்கணும், அதுவா மனசு வச்சுக் கறந்தாத்தான் உண்டு" என்பார் இவர்.

ஆபீசில் இவருக்கு 'இருட்டு' என்று பட்டப்பெயர். மற்றவர்கள் பளபளவென்று காட்ட நினைக்கும் இடத்தில் இவர் பாதியை நிழலில் விட்டுவிடுவாராம். வீட்டுக்குப் போன் வந்தால் எடுத்த எடுப்பில், "இருட்டு இருக்காரா?" என்று கேட்பார்கள். நானும் பழகிப்போய், "இருட்டு குளிக்குது, அப்புறம் பேசுங்க" என்பேன். எனக்கு அவர் வைத்த பெயர் சிடுமூஞ்சி. நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். நாளெல்லாம் அடுத்தவர் பிழையைத் தேடித் தேடி முகமே அப்படி ஆகிவிட்டது என்பது அவர் கட்சி.

அன்றைய ரெண்டர் மென்பொருளுக்கு ஒரு குறை இருந்தது. விளக்கிலிருந்து புறப்படும் வெளிச்சம் முதலில் எதன்மேல் படுகிறதோ அதோடு செத்துவிடும். நிஜத்தில் சிவப்புச் சட்டைக்காரர் வெள்ளைச் சுவரை ஒட்டி நின்றால் சுவரும் கொஞ்சம் சிவக்கும். அந்த எதிரொளியைக் கணக்குப் போட இயந்திரங்களுக்குத் தெம்பு போதாது. அதனால் அதையும் கையால்தான் செய்ய வேண்டும். சுவரோரம் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கை ஒளித்து வைப்பார்கள். விளக்கு படத்தில் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். இதற்குத் திருட்டு லைட் என்று பெயர். ஒரே ஷாட்டில் முப்பது, நாற்பதுகூட வரும். பட்டியலில் தேடி எடுக்க ஒவ்வொன்றுக்கும் ஏதாவது பெயர் கொடுத்தாக வேண்டும். மற்றவர்கள் 'சுவர் ஒன்று', 'சுவர் இரண்டு' என்று போடுவார்கள். இவர் எங்கள் குடும்பத்தையே கொண்டுபோய் அங்கே குடிவைத்தார். முதுகுப்பக்கமிருந்து குளிராக அடிக்கும் நீலம் 'மாமனார்', அதாவது என் அப்பா. ஒரு இடத்தில் நில்லாமல் லேசாக ஆடிக்கொண்டே இருப்பது 'சின்னவள்', அவருடைய தங்கை. எதன்மேல் பட்டாலும் தட்டையாக்கிவிடும் வெள்ளைக்குச் 'சரியா' என்று பெயர்.

சரியா என்பவர் ஆபீசின் தொழில்நுட்பத் தலைவர். வாக்கியத்துக்கு வாக்கியம் "சரியா?" என்று கேட்பார், பதிலுக்கு நிற்க மாட்டார்.

"என் பேர்ல ஒரு லைட்டும் இல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"உன்னையா? நீ கண்ணு கூசும். உன்ன எங்கயும் வைக்க முடியாது" என்றார்.

படத்தின் கதை எளிது. லாரி ஓட்டுநர் ஒருவர் வீட்டில் இருக்கும் நாட்களில் சமையலறை நாற்காலியில் சாய்ந்து, கால்களை வழியை மறித்து நீட்டிக்கொள்வார். மகள் வந்தால் "டோல் கட்டிட்டுப் போ" என்பார். அவள் கட்டாமல் தாண்டிக் குதித்து ஓடுவாள். ஒருநாள் லாரி திரும்பி வருவதில்லை. கடைசிக்குச் சற்று முன்னால், மழை கொட்டும் ஓர் இரவில் அந்த அப்பா கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் உருவமாக வந்து மகளின் தலையைத் தடவுகிறார். இயக்குநர் முதலில் எழுதியது இதைத்தான். சோதனைக்காக ஒரே ஒரு ஃபிரேமை ரெண்டருக்குப் போட்டார்கள். அடுத்து நடந்த கூட்டத்தை இவர் வீட்டில் நடித்து நடித்துக் காட்டி எனக்கு மனப்பாடம்.

"மழை, கண்ணாடி மனுஷன், ரெண்டும் சேர்ந்து ஒரு ஃபிரேமுக்கு முப்பத்தோரு மணி நேரம். மொத்தம் இருநூத்து அறுபத்துநாலு ஃபிரேம். ஃபார்ம் முழுசையும் இதுக்கே குடுத்தாலும் எட்டரை நாள், சரியா? அதுவும் ஒரே தடவை, திருத்தமே கிடையாது, சரியா?"

"திருத்தம் இல்லாம எப்படிய்யா?" என்று இயக்குநர் கத்தினார். "அப்பாவோட மூக்கு கோணலா வந்துட்டா?"

"இருந்துட்டுப் போகட்டும் சார். பேயோட மூக்க யாரு பாக்கறாங்க?" என்றார் இவர்.

எல்லாரும் சிரித்தார்கள். இயக்குநர் மட்டும் சிரிக்கவில்லை. "இருட்டு, நக்கல் பண்ணாத. வேற வழி இருந்தா வாயத் திற."

இவர் அரைமணி நேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தார். மழை வேண்டாம். அப்பாவும் வேண்டாம். நாற்காலி காலியாகவே இருக்கட்டும். சிறுமி தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது நாற்காலிக்கு முன்னால் வந்ததும் காலைத் தூக்கி, இல்லாத ஒன்றைத் தாண்டிப் போகட்டும்.

"எதத் தாண்டறா?" என்று கேட்டார் சரியா.

இயக்குநர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூக்கை உறிஞ்சினாராம். அதைச் சொல்லும்போது மட்டும் இவர் நடிக்க மாட்டார்.

ஆனால் வெளிச்சம் பெரிய தொல்லையாகிவிட்டது. ஜன்னல் எதிர்ப்பக்கம் இருந்ததால் நிலவு நாற்காலியை எட்டவில்லை. இருட்டில் அவள் குதித்தால் சும்மா விளையாடுகிறாள் என்று தோன்றியது. பக்கத்தில் ஒரு விளக்கை எரியவிட்டால் அது வெறும் விளக்கடி நாற்காலி. கடைசியில் இவர் ஒரு திருட்டு லைட்டை எடுத்து, எந்த ஜன்னலோடும் எந்தச் சுவரோடும் சேராமல், நாற்காலியின் இருக்கையிலும் அதற்கு முன்னால் கால் நீட்டும் அளவுத் தரையிலும் மட்டும் விழும்படி வைத்தார். மற்ற திருட்டு லைட்டுகளெல்லாம் எதிரொளிக்குப் பதிலாக நின்றவை. இது எதற்குப் பதிலாகவும் நிற்கவில்லை.

மழையும் கண்ணாடி மனிதரும் போய்விட்டதால் ஒரு ஃபிரேமுக்கு இருபத்திரண்டு நிமிடமே ஆனது. காலையில் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் பதினொரு நொடியும் வந்துவிடும். பார்ப்பார், குறைப்பார், மறுபடி போடுவார். முதல் தடவை அதிகம். யாரோ உள்ளே வரப்போகிறார்கள் என்று தோன்றியது. இன்னொரு தடவை மஞ்சள் தூக்கல். அடுப்பு எரிகிறதோ என்று கேட்டார்கள். எழுபத்துமூன்று தடவை செய்தார். முப்பத்தோரு மணி நேரத்து அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் இரண்டாம் தடவைகூடப் பார்த்திருக்க முடியாது. இயந்திரத்தின் இயலாமைதான் அந்தக் காட்சியை எழுதியது என்று அவரே சொல்வார். ஆனால் இயலாமை தானாக எதையும் எழுதிவிடாது. அதோடு மல்லுக்கட்ட ஓர் ஆள் வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னை ஆபீசுக்கு அழைத்துப்போனார். கறுப்புத் துணி தொங்கிய சிறிய அறையில், சக்கர நாற்காலி ஒன்றில் என்னை உட்காரவைத்து அந்தப் பதினொரு நொடியை ஓட்டினார். முதல் தடவை எனக்கு ஒன்றும் தெரியவில்லை, மறுபடி போடச் சொன்னேன். நான்காம் தடவைதான் கண்டுபிடித்தேன்.

"இந்த வெளிச்சம் எங்கேருந்து வருது?"

"கேப்பேன்னு தெரியும். ஊர்ல ஒருத்தன் கேக்க மாட்டான். மெய்ப்புப் பாக்கறவ, நீ கேப்ப."

"சரி, சொல்லுங்க."

"எங்கேருந்தும் வரல. அவ அங்க பாக்கறா இல்ல, அதனால வருது."

"அப்ப பிழைதானே? குறிச்சிடட்டுமா?"

"குறிச்சுப் பாரு, கைய ஒடிச்சிடுவேன்" என்று என் சக்கர நாற்காலியைச் சுற்றிவிட்டார்.

படம் வந்தது. தியேட்டரில் இவர் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டு திரையைப் பார்க்காமல் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் காலைத் தூக்கும்போது ஒரு இருமல்கூட இல்லை. வெளியே வந்து, "எவனும் இருமல" என்றார். அதைவிடப் பெரிய விருது எதையும் அவர் எதிர்பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலை, சாப்பாட்டுப் பையோடு பஸ் நிறுத்தத்தில் நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். நாற்பத்தொன்பது வயது. பையை யாரோ பத்திரமாக எடுத்துவைத்துக் கொடுத்தார்கள். டப்பா இன்னும் சூடாக இருந்தது. இதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

இந்த வருடத் தொடக்கத்தில் இயக்குநரே போன் செய்தார். "படத்த முழுசா புதுசா ரெண்டர் பண்றோம்மா. பத்தாவது வருஷம். முதல் கார்டே அவருக்கு அர்ப்பணம்னு போடறோம். நீங்க வந்து மேடையில நாலு வார்த்த பேசணும்."

சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. சின்னவளைக் கூப்பிட்டுச் சொன்னதும் அவள் போனிலேயே அழுதாள். "அண்ணி, எங்கண்ணன் பேரு பெருசா வருமா? தனியா வருமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவருடைய நல்ல போட்டோ ஒன்றைக் கொடுக்க ஆபீசுக்குப் போனேன். வந்தவளை வெறுமனே அனுப்பக்கூடாது என்று நினைத்தோ என்னவோ, இயக்குநரும் சரியாவும் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள்.

குழாய் நுனியில் தொங்கிய சொட்டுக்குள் ஜன்னல் தலைகீழாகத் தெரிந்தது. சிறுமியின் முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தது. பிரமாதமாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். அவள் தண்ணீர் குடித்தாள், திரும்பினாள், இருட்டில் ஒரு குதி குதித்துவிட்டுப் போய்விட்டாள்.

"எதுக்குக் குதிக்கறா?" என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"சின்னப் புள்ள தானே மேடம், குதிக்கும்" என்றார் சரியா.

"நாற்காலி மேல ஒரு வெளிச்சம் இருக்குமே. எங்க அது?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரியா பொறுமையாக விளக்கினார். இப்போதைய ரெண்டரில் வெளிச்சம் செத்துப்போவதில்லை, நிஜத்தைப் போலவே தெறித்துத் தெறித்துத் தானாகப் போகிறது. "அதனால திருட்டு லைட் எதுவும் தேவையில்ல, சரியா? பழைய ஃபைல மாத்தும்போதே, சோர்ஸ் இல்லாத லைட்டையெல்லாம் டூலே தூக்கிடும்." நான் நம்பவில்லை என்று நினைத்து அந்தக் காட்சிக்கான பட்டியலைத் திறந்தார். தலைப்பில் சிவப்பு எழுத்து: பிறப்பிடம் இல்லாத விளக்குகள் 41. பிழை. நீக்கப்பட்டன.

பட்டியல் என்று ஒன்று கண்ணில் பட்டால் மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படிப்பது என் தொழில் பழக்கம். மாமனார், ஜன்னல் சுவர், நீக்கப்பட்டது. சின்னவள், குழாய்க்குக் கீழே, நீக்கப்பட்டது. சரியா, கூரை, நீக்கப்பட்டது. பக்கத்தில் நின்றவர் தன் பெயரைப் பார்த்தும் பார்க்காததுபோல் கண்ணாடியைத் துடைத்தார். பதினேழாவது வரி: சிடுமூஞ்சி, நாற்காலி இருக்கையும் முன்தரையும், நீக்கப்பட்டது.

அவர் என்னிடம் சொன்னதே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான்கு தடவை ஓட்டிக் காட்டியபோதும் சொல்லவில்லை.

நான் அங்கே அழவில்லை. சரியாவிடம் கேட்டேன். "நாப்பத எடுத்தது நியாயம். அதெல்லாம் எதிரொளிக்குப் பதிலா வச்சது. இது ஒண்ணு அப்படி இல்ல. இது கதை. இதப் பிழைன்னு யாரு முடிவு பண்ணாங்க?"

"டூலுக்கு அதெல்லாம் தெரியாது மேடம்."

"டூலுக்குத் தெரியாது. பட்டியலப் படிச்ச மனுஷருக்குமா தெரியல?"

"யாரும் படிக்கல மேடம்" என்றார் நேர்மையாக. "படம் முழுக்க நாப்பதாயிரத்துக்கு மேல லைட்டு, சரியா?"

இதுவரைக்கும் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் ஒருமுறை ஒரு புத்தகத்தில், வேண்டுமென்றே பாதியில் விட்ட பக்கத்தை அச்சுப் பிசகு என்று நினைத்து நிரப்பச் சொல்லி, எழுதியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். தெரியாமல் செய்வது யாருக்கும் நடக்கும். கோபம் அடுத்த நிமிடத்தில்தான் வந்தது.

"மறுபடி வைக்க முடியுமா?"

"முடியும். ஒரு டிக் பண்ணா போதும்."

"ரெண்டர்?"

"இப்ப ஒரு ஃபிரேமுக்கு நாலு நிமிஷம். எல்லா மெஷினும் சேர்ந்தா ஒரு டீ குடிச்சிட்டு வரதுக்குள்ள முடிஞ்சிடும்."

"அப்ப டிக் பண்ணுங்க. நான் டீ குடிக்கறேன்."

அவர் சுவரில் இருந்த போஸ்டரைக் காட்டினார். சிறுமியின் முகத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில்: 'ஒவ்வொரு ஒளியும் நிஜம்.'

"அதான் இந்தப் பதிப்போட விளம்பரமே மேடம். ஒரே ஒரு பொய் லைட் உள்ள இருந்தாலும் நாளைக்கு எவனாவது எழுதிடுவான், சரியா?"

ஒரு பொம்மைச் சிறுமி. இல்லாத சமையலறை. இல்லாத லாரியில் போய்ச் சாகாமல் செத்த அப்பா. இவ்வளவு பொய்யையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்துக்கொண்டு, அதில் உண்மையாக இருந்த ஒரே ஒரு வெளிச்சத்தைப் பொய் என்கிறார்கள். அன்றைக்கு இயந்திரத்துக்கு நேரமில்லை; என் கணவர் தன் நேரத்தைக் கொடுத்தார். இன்றைக்கு டீ குடிக்கும் நேரம் போதும். அதைக் கொடுக்க மனமில்லை. பழைய பதிப்பு என்ன ஆகும் என்று கேட்டேன். இனி எங்கேயும் புதியதுதான் ஓடும், பழையதை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிடுவார்களாம்.

"சார்" என்று இயக்குநரைப் பார்த்தேன். "அந்த வெளிச்சத்த வைங்க. இல்லன்னா அவர் பேர எடுத்துடுங்க. அவர் செய்யாததுக்கு அவர் பேர் வேணாம்."

"அய்யோ, என்னம்மா நீங்க" என்று எழுந்துவிட்டார். "நான் பாத்துக்கறேன்மா. நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்."

போனில் நான் சொன்னதைக் கேட்டதும் சின்னவள் அன்று மாலையே வந்து நின்றாள். "உங்களுக்கு என்ன அண்ணி வந்தது? அண்ணன் போன ரெண்டு வருஷத்துல ஒரு நல்ல விஷயம் நடக்குது. பேர எடுன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்க! ஒரு லைட்டு போனா என்ன?"

"அந்த ஒரு லைட்டுதான் உங்கண்ணன்."

"வசனம் பேசாதீங்க. என் பசங்க தியேட்டர்ல மாமா பேரப் பாக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"அதுல உன் பேரும் இருந்தது, தெரியுமா? குழாய்க்குக் கீழ ஆடிட்டே இருக்கும். அதையும் அழிச்சிட்டாங்க."

அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதை விழுங்கிக்கொண்டு, "அது அழிஞ்சா அழியட்டும், பேரு வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒன்பதாம் நாள் இயக்குநர் போன் செய்தார். "உங்க லைட்ட வச்சாச்சும்மா! நான் சண்ட போட்டு வாங்கினேன். தியேட்டர்ல பாருங்க, சும்மா தகதகன்னு இருக்கும்."

தகதக என்ற சொல் எனக்கு நெருடியிருக்க வேண்டும். நெருடவில்லை. அத்தனை நிம்மதி. சின்னவளிடம் போய், கோபமாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். மேடையில் படிக்க ஒரு பக்கம் எழுதினேன். ஆபீசில் இருந்த ஒவ்வொருவருக்கும் அதில் நன்றி இருந்தது, சரியாவுக்கும்.

வெளியீட்டு விழாவில் எங்களுக்கு இரண்டாம் வரிசை. சின்னவள் இடதுபக்கம், அவள் பிள்ளைகள் அந்தப் பக்கம். முதல் கார்டில் அவர் பெயர் தனியாக, பெரிதாக வந்தது. சின்னவள் என் கையைப் பிடித்து நசுக்கினாள். நானும் நசுக்கினேன்.

பிறகு சமையலறை வந்தது. நாற்காலி பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் ஒரு முக்காலி, முக்காலியில் பித்தளைத் தண்டும் மஞ்சள் மூடியுமாக மேசை விளக்கு. வெளிச்சம் வேண்டும் என்று நான் கேட்டேன். வெளிச்சத்துக்கு ஒரு பிறப்பிடம் செய்து கொடுத்திருக்கிறார்கள். இப்போது பொய் எதுவும் இல்லை. விளக்கு என்று இருந்தால் அதற்கு ஒயர் இருக்க வேண்டும் அல்லவா, அதையும் விடவில்லை. முக்காலியிலிருந்து இறங்கி, நாற்காலிக்கு முன்னால் தரையில் குறுக்கே ஓடி, எதிர்ச் சுவரின் ப்ளக்கில் போய் முடிந்தது. கறுப்பு ஒயர். ஒவ்வொரு வளைவும் நிஜம்.

சிறுமி தண்ணீர் குடித்தாள். திரும்பினாள். ஒயர் அருகே வந்ததும் காலைத் தூக்கி, ஜாக்கிரதையாகத் தாண்டிப் போனாள்.

அரங்கம் சிரித்தது.

கேலிச் சிரிப்பு இல்லை. சமத்துக் குழந்தை, தடுக்கி விழாமல் போகிறது என்ற அன்பான சிரிப்பு. எனக்குப் பக்கத்திலும் அதே சிரிப்புக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சின்னவள். என் முகத்தைக் கண்டதும் அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒயரத் தாண்டறான்னு நினைச்சு..." என்று தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

படம் முடிந்ததும் என்னை மேடைக்கு அழைத்தார்கள். நான்கு படி. காகிதத்தைப் பிரித்தேன், மறுபடி மடித்துக் கைப்பையில் வைத்தேன். மைக் என் உயரத்துக்கு இல்லை. யாரோ வந்து தாழ்த்திக் கொடுத்தார்கள்.

"அந்த விளக்க என் வீட்டுக்காரர் வைக்கல" என்றேன். "அவர் வச்ச வெளிச்சத்துக்கு விளக்கே கிடையாது. அந்தப் பொண்ணு ஒயரத் தாண்டல. செத்துப்போன அவங்க அப்பாவோட காலத் தாண்டறா. நீங்க சிரிச்சது உங்க தப்பு இல்ல. உங்களச் சிரிக்க வச்சுட்டாங்க. அவர் பேர எடுத்துடச் சொல்லி இவங்கள எல்லார் முன்னாடியும் கேட்டுக்கறேன்."

ஒருவரும் கை தட்டவில்லை. பின்னால் ஒருவர் தவறுதலாக இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினார்.

வெளியே நடைக்கூடத்தில் இயக்குநர் ஓடி வந்து மறித்தார். முகம் சிவந்திருந்தது. "நீங்க கேட்டீங்கன்னு தானேம்மா வச்சேன்? வெளிச்சம் வேணும்னீங்க. வெளிச்சம் வேணும்னா ஒரு விளக்கு வேணாமா? இத்தன பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டீங்களே!"

"பத்து வருஷத்துக்கு முன்னாடி உங்களுக்கு விளக்கு தேவைப்படல சார். வெறும் நாற்காலிய நினைச்சுப் பாத்தே மூக்க உறிஞ்சினீங்களாம். அவர் சொல்லியிருக்கார்."

"அப்ப நம்மகிட்ட வேற வழி இல்லம்மா!" என்றார். குரலில் பொய் இல்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. "மழை வைக்க முடியல, அப்பாவ வைக்க முடியல. என்னமோ ஒட்டுப்போட்டுச் சமாளிச்சோம். இப்பதான் எல்லாம் முடியுதே."

ஒட்டுப்போட்டுச் சமாளித்தோம். என் கணவரின் எழுபத்துமூன்று தடவைக்கும் இந்த இயக்குநர் மனதில் இவ்வளவு நாளாக இருந்த பெயர் அது. நான் அவரைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினேன்.

மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. 'தங்கள் விருப்பத்துக்கு மதிப்பளித்து' என்று தொடங்கியது. முதல் கார்டும் கடைசியில் ஓடும் பட்டியலில் அவர் வரியும் எடுக்கப்பட்டுவிட்டன. தியேட்டருக்குப் போய்ப் பார்த்தேன். அவர் பெயர் இருந்த இடத்தில் இடைவெளிகூட இல்லை. கீழே இருந்தவர்கள் ஒரு படி மேலேறியிருந்தார்கள். விளக்கு அப்படியே எரிந்தது. அன்றும் சிரித்தார்கள்.

சின்னவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஒரு மாதம், அதற்கும் மேல். நானாகவும் கூப்பிடவில்லை. அவள் அண்ணன் பெயரை அழித்தவள் நான், எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

போன சனிக்கிழமை பகலில் அச்சகத்தில் இருந்தபோது அவளிடமிருந்து போன்.

"அண்ணி, பழைய டிஸ்க் ஒண்ணு இருந்தது. அண்ணன் முன்னாடி குடுத்தது. பரண்ல கிடந்தது. பசங்களோட உக்காந்து போட்டுப் பாத்தேன்."

கையிலிருந்த மெய்ப்பை மூடிவைத்தேன்.

"சின்னவன் எந்திரிச்சுப் போய் டிவிகிட்ட நின்னுட்டான் அண்ணி. 'அம்மா, அங்க அவங்க அப்பா இருக்காரு இல்ல'ன்னு கேக்கறான்." மூச்சு வாங்கினாள். "அன்னைக்கு நான் சிரிச்சேன்ல?"

"சிரிச்ச."

"நல்லா சத்தமா சிரிச்சேன், இல்ல?"

"ஆமா."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். பிறகு வந்த குரல் அழுகிற குரலாக இல்லை.

"அந்த ஆபீஸ் நம்பர் குடுங்க" என்றாள். "பேர எடுத்தாச்சு இல்ல, அந்த விளக்க எப்ப எடுக்கறீங்கன்னு நான் கேக்கறேன்."